என் போனுக்கு நாள் தள்ளிப்போன விவரம்

மர்பி டவுன், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

குடியாத்தத்தில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தியம்மா சொர்ணம் அவர்களுக்கு, உங்கள் மகள் வாழ வந்த வீட்டிலிருந்து உத்தமன் இரண்டு கையும் கூப்பி எழுதுவது. இங்கே நான், என் மகன் ஸ்ரீகண்டன், உங்கள் மகள் சரளா மூவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலியும் மாடிவீட்டுக்காரரோடு இருந்த தண்ணீர்த் தகராறும் இந்தக் கடிதம் வருவதற்குள் தீர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் மேலே ஏறும், திடீரென்று கீழே இறங்கும். நாற்பது வருஷம் லிப்ட் ஓட்டிய கை, அப்படித்தான் போகும். கொம்பும் காலும் சில இடங்களில் எழுத்தை விட்டு விலகி நிற்கும், நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். லிப்டில் இருந்தவரை எனக்கு எண் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. எழுபத்திரண்டு வயதில் பக்கத்து வீட்டு டிரேவர்தான் சொல்லிக்கொடுத்தான். அவன் சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவன். அதனால் எழுத்தையும் ராகம் போட்டுச் சத்தமாகத்தான் சொல்லிக்கொடுத்தான். இதன் விளைவை நீங்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொள்வீர்கள். எனக்குச் சத்தமாக மட்டும்தான் படிக்க வரும். வாயை மூடினால் எழுத்தும் மூடிக்கொள்கிறது.

இது என் முதல் கடிதம். அது உங்களுக்கு எழுதக் கிடைத்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஆனால் விஷயம் அவ்வளவு சந்தோஷமானது இல்லை. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. விஷயம் இதுதான்: சரளா முழுகாமல் இருக்கிறாள் என்று எதிர்வீட்டு லட்சுமம்மா போன வாரம் உங்களுக்குப் போன் செய்து சொன்னது உண்மை இல்லை. ஆகவே நீங்கள் வளையலும் ஐந்து வகைச் சோறும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற வேண்டாம். இதில் லட்சுமம்மா மேல் தப்பு இல்லை. சரளா மேல் துளிகூட இல்லை. பெரும்பாலான தப்பு என்னுடையது, மீதி என் போனுடையது. எப்படி என்று சொல்கிறேன். ஒரு ஆண் தன் சம்பந்தியம்மாவுக்கு எழுதக்கூடாத சொற்கள் இதில் சில வரும். என் மனைவி உயிரோடு இருந்தவரை அவளிடம்கூட நான் அந்தச் சொற்களைச் சொன்னதில்லை. இப்போது நான்கு முறை தனிக் காகிதத்தில் எழுதிப் பழகிவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன்.

நோரா என்று ஒரு பெண் தொம்மலூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பெரிய படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாள். பெண்கள் தங்கள் மாதவிடாய் நாளை எப்படிக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள், காலண்டரில் புள்ளி வைக்கிறார்களா, மனசில் வைக்கிறார்களா, போனில் வைக்கிறார்களா, போனில் என்றால் அது யாருடைய போன், அதை யார் யார் பார்க்கிறார்கள், இதுதான் ஆராய்ச்சி. இதற்கெல்லாமா படிப்பு என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சரளா உடனே சேர்ந்துவிட்டாள். அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் நாளைக் குறித்துக்கொண்டால் அடுத்த நாள் எப்போது என்று அதுவே சொல்லுமாம். சரளாவின் போனில் அதைப் போட இடம் இல்லை. ஏன் இல்லை என்றால், ஸ்ரீகண்டன் தன் போனில் இடம் வேண்டும் என்று தன் நண்பர்களின் கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அவள் போனில் ஏற்றி வைத்திருந்தான். என் போன் மட்டும்தான் வெட்டவெளியாக இருந்தது. அதில் போட்டார்கள். அதுவும் தமிழிலேயே போட்டார்கள்.

“மாமா, இது என் விஷயம். மேல எதாவது வந்தா விரலால தள்ளி விட்டுடுங்க, அவ்ளோதான்” என்றாள் சரளா.

“சரிம்மா” என்றேன். நம்புங்கள் சம்பந்தியம்மா, அந்த நேரத்தில் நான் மனசாரச் சொன்ன சரிதான் அது.

அன்று சாயங்காலம் போன் டிங் என்றது. பார்த்தால், “வணக்கம் தோழி! இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க டீ ஆறிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஆயுசில் எனக்கு எழுத்தில் வந்த முதல் நலம் விசாரிப்பு அதுதான். இத்தனை வயதில் என்னை யாரும் தோழன் என்றுகூடக் கூப்பிட்டதில்லை. இது தோழி என்றே கூப்பிட்டுவிட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவர்களை விரலால் எப்படித் தள்ளிவிடுவது? ஸ்ரீகண்டன் என்னைக் கேட்பதெல்லாம் “நைனா, மோட்டார் போட்டியா?” என்பதுதான். போன் என் பெயரில் இருக்கிறது, கேள்வி என் போனுக்கு வந்திருக்கிறது, ஆகவே நாளைக் குறிப்பது சரளாவின் விஷயம், இந்த விசாரிப்பு என் விஷயம் என்று நானே பாகம் பிரித்துக்கொண்டேன்.

பதில் சொல்வது சுலபம். எழுத வேண்டியதில்லை, படங்களைத் தொட்டால் போதும். தினமும் டீயோடு உட்கார்ந்து ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். இடுப்பு வலி உண்டா? உண்டு. சோர்வு? உண்டு. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறீர்களா? சர்க்கரை வியாதிக்காரனைக் கேட்கிற கேள்வியா அது, உண்டு. குமட்டல்? அன்று சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உண்டு. புளிப்பு மீது ஆசை? உங்கள் மாங்காய் ஊறுகாய் தீர்ந்துபோன வாரம் அது, மிகவும் உண்டு. காரணமில்லாத எரிச்சல்? காரணம் இருந்தது, டிரேவர் கேரம் போர்டில் ஏமாற்றினான், இருந்தாலும் உண்டு என்றே தொட்டேன். இரத்தப்போக்கு உண்டா என்றும் ஒரு கேள்வி தினமும் வரும். தினமும் இல்லை என்றே உண்மையைச் சொல்லி வந்தேன். ஒரே ஒருநாள் முகம் மழிக்கும்போது தாடையில் பிளேடு பட்டுவிட்டது. அன்று மட்டும் “லேசாக” என்று தொட்டேன்.

இங்கேதான் வினை. போன மாசமும் இந்த மாசமும் சரளா காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் தன் நாளைச் சரியாகத்தான் குறித்துவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டே “இல்லை” என்று தொட்டிருக்கிறேன். கடைசியாகச் சொன்னவர் பேச்சைத்தான் ஆப் நம்புமாம். ஆக, அதன் கணக்கில் மர்பி டவுனில் ஒரு தோழிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, குமட்டுகிறது, புளிப்பு கேட்கிறது, நடுவில் ஒருநாள் லேசாகப் பட்டிருக்கிறது. அது வேறென்ன நினைக்கும்? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள்.

போன வாரம் ரேஷன் கடையில் நின்றிருந்தேன். விரல் வைக்கிற மெஷினுக்கு சர்வர் வரவில்லை என்று எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். வரிசை முழுக்கப் பெண்கள். எனக்கு முன்னால் லட்சுமம்மா. அப்போது டிங் என்றது. நேரம் இருக்கிறதே என்று எடுத்துப் படித்தேன். டிரேவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே படித்தேன்.

“வணக்கம் தோழி. உங்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது” என்பது வரை நன்றாகவே வந்தது. அடுத்த சொல் பெரிது. “நீங்கள் க... கர்... கர்...”

“கர்நாடகாவா தாத்தா?” என்றாள் பின்னால் நின்ற பெண்.

“கர்ச்சீப்பா?” என்றாள் இன்னொருத்தி.

“ஏய் சும்னிரு, அவரே படிக்கட்டும்” என்று லட்சுமம்மா அதட்டினாள். கோதுமை அளக்கிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு “கர்ப்பமாக இருக்கக்கூடும்” என்று ஒரே இழுப்பில் முடித்தேன். யார் உதவியும் இல்லாமல் நான் படித்து முடித்த மிகப் பெரிய சொற்கள் அவை. வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன்.

“யாரு தாத்தா, நீங்களா?” என்றாள் கர்நாடகாப் பெண். வரிசை முழுக்கச் சிரிப்பு. லட்சுமம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள், தலைப்பைப் பார்த்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ தேவ்ரே, இது நோரா போட்டுக் குடுக்கற ஆப்பு, அப்ப நம்ம சரளாதான்! நாலு வருஷம் ஆச்சே! தாத்தா ஆயிட்டீங்க உத்தமண்ணா!” என்றாள். அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. உறைத்ததும் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வரிசையில் இருந்த எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். லட்சுமம்மா அங்கேயே நின்றபடி உங்களுக்குப் போன் போட்டாள். உங்கள் அழுகை ரேஷன் கடை முழுக்கக் கேட்டது. சர்வரும் வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஸ்ரீகண்டன் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி மைசூர்பாகோடு வந்து “எங்கிட்டகூடச் சொல்லலியே நைனா” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். டிரேவர் கிடாரோடு வந்தான். லட்சுமம்மா கனகாம்பரம் கட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக வந்து சேர்ந்தவள் சரளா. வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே கால் வைத்தாள். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் லட்சுமம்மா ஹெல்மெட் மேலேயே வைத்துவிட்டாள்.

“என்ன இது? யாருக்கு விசேஷம்?” என்றாள் சரளா. எல்லாரும் அவள் வயிற்றையே பார்த்தோம். அவள் ஒரு சுற்று எங்களைப் பார்த்தாள். ஸ்ரீகண்டன் மைசூர்பாகை நீட்டினான். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“எனக்கு இன்னிக்கு ரெண்டாவது நாளு” என்றாள். “காலைலேர்ந்து நின்னு நின்னு இடுப்பு கழண்டு போச்சு. எல்லாரும் கொஞ்சம் வழி விட்டீங்கன்னா நான் பாத்ரூம் போவேன்.”

வழி விட்டோம். அப்படி ஒரு வழியை நான் எந்த மந்திரிக்கும் விட்டுப் பார்த்ததில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரேவர் கிடாரை உறையில் போட்டான். ஸ்ரீகண்டன் என் போனை எடுத்து ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “நைனா, இதுல இருக்கறது அவ உடம்பு இல்ல. உன் உடம்பு நைனா!” என்றான். எல்லாரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளேயிருந்து சிரிப்பு வரவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை சரளா எனக்குக் கஞ்சி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இனி வருவதை அவள் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

“மாமா, உங்க மேல கோவம் இல்ல. இருக்கு, ஆனா போயிடும். எங்க அம்மா மாசாமாசம் போன் பண்ணி, சாப்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சியான்னு கேக்கறாங்க. குளிச்சிட்டேன்னா அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. லட்சுமம்மா, நான் மாடியில துணி காயப்போடறத வெச்சே கணக்குப் போடறாங்க. ஆபீஸ்ல ஒரு நாள் லீவு போட்டா குட் நியூஸாங்கறாங்க. என் நாள எல்லாரும் எண்றாங்க மாமா. நான் எண்றதுக்கு எனக்குன்னு ஒரு இடம் வேணும்னுதான் அதப் போட்டேன். அத ரேஷன் கடையில ராகம் போட்டுப் படிச்சிட்டீங்க.”

கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குழந்த வேணுமா, எப்ப வேணும்னு நானும் அவரும் பேசி வெச்சிருக்கோம். யாருக்கும் பயந்துகிட்டு இல்ல. எங்களுக்கு இப்ப அவசரம் இல்ல, அவ்ளோதான்.”

“நான் என்னம்மா செய்யட்டும்?” என்றேன்.

“எங்க அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க. நான் போன் பண்ணா அழுவாங்க, அப்புறம் நானும் அழுவேன், கடைசில யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டோம்.”

போனில் என்றால் நானும் உளறுவேன். அதனால்தான் கடிதம். நான்கு நாளாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை நோரா வந்தாள். ஆப்பில் சேர்ந்திருந்த என் பதில்களைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரளாவிடம் மன்னிப்புக் கேட்டாள். வேறு ஒருவர் போனில் போடச் சொன்னது தன் தப்பு என்றாள். சரளா, “என் கணக்கு எல்லாத்தையும் அழிச்சிடு. மாமாவோடத வேணும்னா நீயே வெச்சுக்கோ” என்றாள். உடனே நோரா என் பக்கம் திரும்பி, “அங்கிள், யாரு போன், யாரு பாக்கறாங்க, யாரு பதில் சொல்றாங்கன்னு நான் ரொம்ப நாளா எல்லார் வீட்லயும் கேட்டுட்டிருக்கேன். உங்கள ஒரு இன்டர்வியூ பண்ணலாமா?” என்றாள்.

சம்பந்தியம்மா, என்னை! சம்மதக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாள். பழக்கத்தில் கட்டைவிரலை நீட்டிவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து பேனாவை வாங்கி உத்தமன் என்று முழுசாகப் போட்டேன். நிறையக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சொன்னேன். “உங்க வைஃப் அவங்க நாள எப்படிக் கணக்கு வெச்சாங்க அங்கிள்?” என்று கேட்டதற்கு மட்டும் தெரியாது என்றேன். அத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தோம், எனக்குத் தெரியாது. நோரா அதையும் எழுதிக்கொண்டாள். ஆராய்ச்சியில் உண்மைப் பெயரைப் போட மாட்டார்களாம், வேறு பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றாள். உங்களுக்கு என்ன எழுதுவது என்ற கவலையிலேயே இருந்ததால் அவசரத்தில் உங்கள் பெயர்தான் வாயில் வந்தது. ஆகவே அந்த ஆராய்ச்சியில் “சொர்ணம், எழுபத்திரண்டு வயது, தாடை மழிக்கும்போது லேசான இரத்தப்போக்கு” என்று வரும். தவறாக நினைக்க வேண்டாம். படித்தவர்கள் மட்டும்தான் அதைப் படிப்பார்களாம்.

இப்போது ஸ்ரீகண்டன் கல்யாண வீடியோக்களை எல்லாம் தன் போனுக்கே திருப்பி ஏற்றிக்கொண்டான். ஆப் சரளாவின் போனுக்குப் போய்விட்டது, பூட்டோடு. எனக்குச் சாயங்காலம் டீ நேரத்தில் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. டிரேவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவன் பக்கத்து வீட்டிலிருந்தபடியே “வணக்கம் தோழி, இன்று வயிறு எப்படி?” என்று தினமும் அனுப்புகிறான். நானும் ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். இதைப் பன்னிரண்டு தடவை அடித்து எழுதினேன், ஆகவே அழுக்காக இருக்கும். நீங்கள் மாதாமாதம் கேட்கும் அந்தக் கேள்வி அக்கறையில் கேட்பது என்று எனக்குத் தெரியும். நானும் அக்கறையில்தான் படித்தேன். என் அக்கறை போய் நின்ற இடம் ரேஷன் கடை. அதனால், பெண்ணிடம் பேசும்போது அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டால் என்ன? வேலை எப்படி, மழை உண்டா, உத்தமன் இன்னும் உளறுகிறானா, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். உடம்பைப் பற்றி ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள். எனக்கு எல்லாமே உண்டு.

வாங்கியது, கட்டியது எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். உங்கள் மனசு சங்கடப்படாமல் இருக்க வேண்டும், முழங்கால் மாடிப்படி ஏறுகிற அளவுக்குத் தேற வேண்டும், குழாயில் தண்ணீர் உங்கள் வீட்டுக்கே முதலில் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
உத்தமன் (முழுக் கையெழுத்து, நானே போட்டது)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் சரளாவிடம் காட்டினேன். இப்போதெல்லாம் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. நின்றபடியே படித்தாள். ரேஷன் கடை வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “மாமா, அம்மாவ வர வேணாம்னா எழுதியிருக்கீங்க? நான் அப்படியா சொன்னேன்?” என்றாள். “வளையல் வேணாம்னுதான் சொன்னேன். அம்மா வேணாம்னு சொல்லலியே. எதாவது விசேஷம் இருந்தாத்தான் எங்க அம்மா என்னப் பாக்க வரணுமா?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகவே சம்பந்தியம்மா, மேலே எழுதியதை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். ஒரு காரணமும் இல்லாமல் வாருங்கள். நான்கு நாள் தங்குங்கள். நீங்கள் இங்கே இருந்தாலும் அடுத்த வாரம் உங்களுக்குக் கண்டிப்பாக இன்னொரு கடிதம் எழுதுவேன். அல்சூர் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அது நம் வீட்டுக்கே வந்து சேரும்வரை உங்கள் எதிரில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பேன்.